கம்பத்தில் கேட்கும் திருவையாறு

இளவயதில் டிவியில் பார்க்கும் இசைவிழா ஒரு ஏக்கம்தான். பாட்டு அங்கே நடக்கிறது, நாம் இங்கே இருக்கிறோம் என்ற குறை கடைசிவரை கூடவே உட்கார்ந்திருக்கும். வயது ஏற ஏற அந்தக் குறை கரைந்துபோனதை எனக்குக் காட்டியது தியாகராஜ ஆராதனையின் நேரடி ஒளிபரப்பு.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. திதிப்படி புஷ்ய பகுள பஞ்சமி. ஆண்டுதோறும் அந்தக் காலையில் திருவையாற்றுக் காவிரிக்கரையில் வித்வான்கள் எதிரெதிர் வரிசைகளாகத் தரையில் உட்கார்ந்து, ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுகிறார்கள். எங்கள் ஊர் கம்பத்திலிருந்து அங்கே போக மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாற வேண்டும். போயிருக்கிறேன். பந்தலின் ஓரத்தில், தோள்களுக்கு நடுவே கிடைத்த சந்தில் நின்று கேட்டிருக்கிறேன். அங்கே இருக்கிறோம் என்பதே அன்றைக்குப் பாதி சந்தோஷம். அந்த வயதுக்கு அது நியாயமானதும்கூட.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது கிடைப்பது வேறு. பந்தலில் நின்றால் முதுகுகள்தான் தெரியும்; கேமரா முகங்களைக் காட்டுகிறது. நாட்டை, கௌளை, ஆரபி மூன்றிலும் எல்லா உதடுகளும் ஒன்றாக அசையும். வராளி வந்ததும் சிலருடைய கண் புத்தகத்துக்குத் தாழும். குரு சீடனுக்கு நேராகச் சொல்லித்தரக் கூடாத ராகம் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அதனாலோ என்னவோ, அங்கே குரல்கள் சற்று மெலிவதுபோல எனக்குக் கேட்கும். பின்வரிசையில் ஒரு பாட்டி வலதுகையால் ஆதி தாளம் போட்டபடியே இடதுகையால் பக்கம் திருப்புகிறார். தாளம் ஒரு அட்சரமும் பிசகவில்லை. அவரை யாரும் தேடி வந்திருக்க மாட்டார்கள், விழாவின் அழைப்பிதழில் அவர் பெயர் இருக்காது. ஆனால் விழா அவராலும் நடக்கிறது. இதைக் கவனிக்கும் நிதானம் எனக்கு முப்பது வயதில் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்குக்குக் கர்நாடக இசை சபா வழியாக வந்ததில்லை. கோயில் நாகஸ்வரத்திலும் ரேடியோவிலும் சினிமாவிலும் வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறிய இளையராஜா, 1985இல் ‘சிந்து பைரவி’யில் நாட்டுப்பாட்டு நடையில் ஒரு பாட்டைத் தொடங்கி, அதை அப்படியே தியாகராஜர் கீர்த்தனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். காம்போதியில் பாடிவந்த கீர்த்தனையைச் சாரமதியில் அமைத்தார். அந்தப் படத்தின் இசைக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுவது, வயலிலிருந்து சேற்றுக்காலோடு கரையேறியவர்கள் ராகத்தின் பேர் தெரியாமலே அதை முணுமுணுத்தது. இன்றைக்கும் ஆராதனை அன்று, திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலோரம் வண்டியை நிறுத்துவார். “திருவையாறாண்ணே? சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க” என்பார். ஒரு கீர்த்தனை முடியும்வரை வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டுத்தான் போவார்.

பெங்களூர் நாகரத்தினம்மாளை நினைக்காமல் இந்த ஒளிபரப்பை என்னால் பார்க்க முடிவதில்லை. 1878இல் பிறந்த தேவதாசி அவர். கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதிக்கு 1920களில் தன் சொத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பினார். கோயில் கட்டியவருக்கே, பெண் என்பதால் அங்கே பாட அனுமதி இல்லை என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தார். ஆராதனையைப் பிரிந்து நடத்திவந்த குழுக்கள் 1940 வாக்கில்தான் ஒன்றாயின. 1952இல் அவர் மறைந்தார். இன்று கேமரா பெண்களின் வரிசைமேல் ஊர்ந்து போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவையும் பார்க்க அவர் இல்லை. ஆனால் இவ்வளவும் அவர் கேட்டதுதான்.

என் மனசு அசைந்தது இந்த இடத்தில். விழாவில் நமக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசைக்குக் கீழே இன்னொரு ஆசை எப்போதும் இருந்திருக்கிறது: விழா நடக்க வேண்டும், நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் ஆசையின் இரைச்சலில் அது நமக்குக் கேட்பதில்லை. முழங்கால் வலிக்கத் தொடங்கி, பஸ் பயணம் கசந்து, பந்தலில் நமக்கு வேலையில்லை என்றான பிறகு, அது தெளிவாகக் கேட்கிறது. நான் இல்லாத பந்தலில் இத்தனை குரல்கள் ஒரே ஸ்ருதியில் சேர்வதைப் பார்த்துக் கண் நனைகிறதே, அது இழப்பின் கண்ணீர் இல்லை. என்னைக் கேட்காமலே உலகம் நன்றாக நடக்கிறது என்பதில் வருகிற நிம்மதி. சாவைப் பற்றிய என் பயம்கூட இதில் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

முன்பெல்லாம் ஸ்ரீராகக் கீர்த்தனையோடு எழுந்துவிடுவேன். இப்போது அதற்குப் பிறகு வரும் தனிப்பாட்டுகளுக்காகவே உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்குச் சில நிமிஷங்கள்தான். நான் பேர்கூடக் கேள்விப்படாத சின்னப் பிள்ளைகள், நடுங்குகிற கையால் தம்புராவைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்குகிறார்கள். இவர்கள் குரல் முழுதாகப் பழுக்கும்போது கேட்க வேறு யாராவது இருப்பார்கள். நான் இப்போது கேட்கிறேன்.