அட்மின் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

திருப்பூரை அடுத்த மங்கலம் நால்ரோட்டைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேருபவரிடம் காண்ட்ராக்டர் முதலில் கேட்பது ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒரு போட்டோ. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் இவை தேவைதான். சில காண்ட்ராக்டர்கள் நேரில் வாங்கி நகலெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வேறு சிலர், "குரூப்புல போட்டு விடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங் என்று யூனிட்டில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குரூப் அது. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா, இன்றைக்கு நைட் உண்டா என்ற செய்திகளுக்கு நடுவே ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞரின் ஆதார் முன்பக்கமும் பின்பக்கமுமாகக் கிடக்கும். அவருடைய பிறந்த தேதி, அப்பா பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண் எல்லாமே எல்லார் போனிலும் இறங்கிவிடும்.

செக்கிங்கில் இருந்த ஒரு பெண் வேலையை விட்டு நின்ற பிறகு காண்ட்ராக்டரிடம் வந்து கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணா, என்ற ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் அந்தக் குரூப்புலயே கெடக்குதுங்க. அழிச்சுருங்க."

"உன்னையத்தான் குரூப்புல இருந்து எடுத்தாச்சே கண்ணு, அப்புறமென்ன?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆளை எடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று உண்மையாகவே நம்பினார். அந்தப் பெண் வெளியேறிவிட்டார், அவருடைய ஆதார் வெளியேறவில்லை. அதை இனி யார் பார்க்கிறார்கள், யாருக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக்கூட அவருக்கு வழியில்லாமல் போனது. உள்ளே இருந்தவரையாவது பார்க்க முடிந்தது.

நம் நீதிமன்றங்களில் குரூப் அட்மினைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்குப் போடலாமா? 2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு கூடாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் அதைப் பின்பற்றியது. அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பங்கு தெரியவரவில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் போலீசாருக்குச் சொன்னார். 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அதற்கு மேல் அட்மினுக்கு அதிகாரமில்லை; ஒருவர் என்ன போடப்போகிறார் என்பதை அவர் முன்கூட்டித் தடுக்க முடியாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் அடிப்படை.

இவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. யாரோ ஒருவர் போட்ட ஃபார்வர்டுக்காகக் குரூப் தொடங்கியவர் ஸ்டேஷனுக்கு அலைவது அநியாயம். ஆனால் அங்கே தீர்மானிக்கப்பட்டது அட்மின் அரசுக்கு எவ்வளவு பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான். குரூப்பில் இருப்பவர்களுக்கு அவர் என்ன கடமைப்பட்டவர் என்று யாரும் கேட்டுக்கொண்டு போகவில்லை. செக்கிங் பெண் கேட்டது அதைத்தான். அந்தத் தீர்ப்புகளுக்குப் பின் 2022-லேயே, குரூப்பில் யார் போட்டதையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் அட்மின்களுக்குக் கொடுத்தது. அதையும் போட்ட சில நாட்களுக்குள்தான் செய்ய முடியும். மாதக்கணக்கில் கிடக்கும் ஆதார் படத்தைக் காண்ட்ராக்டர் மனம் வைத்தாலும் இனி மற்றவர் போனிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அழிப்பது எப்படி என்ற கேள்விக்கு முன்னால், அங்கே ஏன் போட வைத்தோம் என்ற கேள்வியே வர வேண்டும்.

வாட்ஸ்அப் ஒரு பெரிய கம்பெனியின் சொத்து. இந்தப் பெரிய கம்பெனிகளே வேண்டாம், ஆளுக்கொரு சர்வரை நாமே நடத்திக்கொள்வோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கனவில் எனக்கு மதிப்பு உண்டு. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட மாஸ்டடான் அப்படிப்பட்டது. பார்வைக்கு ட்விட்டர் போலவே இருக்கும், ஆனால் ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நடத்தலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018-ல் தரமாக ஏற்றது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில் இந்தியர்கள் பலர் அங்கே குடிபெயர்ந்தார்கள். 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டரை ஈலான் மஸ்க் வாங்கியபோது உலகமே ஒருமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

போனவர்களில் பெரும்பாலோர் தங்கள் சர்வரை நடத்துபவர் யார் என்று பார்க்கவில்லை. முன்பு எங்கோ இருந்த கம்பெனிக்கு வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள், இப்போது முகம் தெரியாத ஒரு தனிமனிதரின் வீட்டு விருந்தாளிகள் ஆனார்கள். அந்த மனிதரின் கையில் இருப்பது சாதாரண அதிகாரமில்லை. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரி, எந்த இணைப்பிலிருந்து வந்தார்கள் என்ற விவரம், ஒருவருக்கொருவர் தனியாக எழுதிக்கொண்டவை எல்லாம் அவருடைய தரவுத்தளத்தில் இருக்கின்றன. தனிச் செய்திகளுக்கு அங்கே பூட்டு இல்லை, அவர் நினைத்தால் படிக்கலாம். பிடிக்காத இன்னொரு சர்வரை அவர் முழுதாகத் தடுத்துவிட்டால், அங்கே இருக்கும் நம் நண்பர்கள் ஒரே இரவில் நமக்கு இல்லாமல் போவார்கள். சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அதிகாரம் உள்ளவர் என்று நீதிமன்றங்கள் வாட்ஸ்அப் அட்மினுக்குச் சொன்ன நியாயம் இவருக்குப் பொருந்தாது.

நடந்ததைப் பாருங்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற மாஸ்டடான் சர்வரின் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டில், சர்வருக்குத் தொடர்பில்லாத ஒரு விவகாரத்துக்காக எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. ஏதோ பழுது பார்ப்பதற்காக அவர் தரவுத்தளத்தின் நகலை அந்த நேரத்தில் பூட்டில்லாமல் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மேல் இருந்த சந்தேகத்துக்கும் அங்கே எழுதிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விஷயம் வெளியே அறிவிக்கப்பட்டபோது ஜூன் முடிந்துவிட்டது.

இன்னொரு சர்வரான மாஸ்டடான் டெக்னாலஜியை நடத்தியவர், தன் குடும்பச் சூழலைச் சொல்லி 2022 கடைசியில் மூடினார். மாஸ்டடான் லால் 2023-ல், உறுப்பினர்களுக்குள் மூண்ட ஒரு சண்டையில் நடத்தியவர் மனம் வெறுத்துப் போனதால் மூடப்பட்டது. இவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. சொந்தக் காசில் சர்வர் வாடகை கட்டி, தூக்கம் கெட்டு, வசவும் வாங்கிக்கொண்டு நடத்திய மனிதர்கள். முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள். ஆனாலும் அங்கே இருந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிந்தது? மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதியவை வராது. நகலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், புது இடத்தில் ஏற்ற முடியாது. அழித்தாலும் அப்படித்தான். அழிக்கச் சொல்லும் வேண்டுகோள் மற்ற சர்வர்களுக்குப் போகிறது. ஒழுங்கான சர்வர் அழித்துவிடும். ஏற்கெனவே படுத்துவிட்ட சர்வரும் நெறியை மதிக்காத சர்வரும் அழிப்பதில்லை.

சின்ன அட்மின்கள் தலையில் இவ்வளவு பொறுப்பை ஏற்றினால் அவர்கள் ஓடிவிடுவார்கள், கடைசியில் பெரிய கம்பெனிகள்தான் மிஞ்சும் என்று ஒரு வாதம் உண்டு. இதை லேசாகத் தள்ள முடியாது. திருப்பூரிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இது மிகவும் பழகிய வாதம்.

திருப்பூரே ஒரு பரவலாக்கப்பட்ட அமைப்புதான். ஒரு டி-சர்ட் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் பவர்டேபிள் யூனிட்டில் என்று ஊர் முழுக்கச் சுற்றி வருகிறது. மங்கலத்திலும் சோமனூரிலும் விசைத்தறி ஓட்டுபவர்கள் ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். சாதாரணத் தொழிலாளி முதலாளியாக முடிந்தது இந்த அமைப்பால்தான், அதைக் குறைத்துப் பேசக்கூடாது. நொய்யல் ஆற்றைச் சாகடித்ததும் இதே அமைப்புதான். எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளில் ஒவ்வொன்றும் தன்னளவில் சிறியது. நான் விடும் தண்ணீரா ஆற்றைக் கெடுத்தது என்று ஒவ்வொருவரும் கேட்க முடிந்தது. ஆனால் தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. கீழே இருந்த விவசாயிகள் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும்வரை அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எத்தனையோ சிறு பட்டறைகள் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் தொழில் அழியவில்லை. பட்டறைக்காரர்கள் பங்குதாரர்களாக இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தங்களைத் திருத்திக்கொண்டன. யார் எவ்வளவு கழிவுநீர் அனுப்புகிறார் என்பதற்கு மீட்டர் வந்தது. சிறியவர்கள் சேர்ந்து பொறுப்பேற்க முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அது முதலிலேயே நடந்திருந்தால் ஓர் ஆறும் அதை நம்பியிருந்த நிலமும் பிழைத்திருக்கும் என்பதுதான் என் ஆற்றாமை.

சர்வர் உலகத்திலும் இதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர், தினமும் நகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உள்ளே போக இன்னொருவருக்காவது அனுமதி தந்திருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். சோஷியல் கூப் என்ற சர்வரை உறுப்பினர்களே சந்தா கட்டிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். விதிகளை ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ரோச்கோவும் 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பை விட்டு விலகி, மாஸ்டடானின் பெயர் உரிமையை லாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். எதிலும் தண்டனை இல்லை, தலைமறைவாகும் அளவுக்குச் சுமையும் இல்லை. எழுதிக் கொடுத்த வாக்கு இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறார். நான் கேட்கும் பொறுப்பு இவ்வளவுதான்.

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கும், ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தரவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. மாஸ்டடானில் ஊரறிய எழுதியதை இது காப்பாற்றாது. ஆனால் காண்ட்ராக்டர் வாங்கிய ஆதார் வீட்டு விஷயம் இல்லை. எதற்காக வாங்கினாரோ அந்தத் தேவை முடிந்து, வேறு சட்டம் எதுவும் வைத்திருக்கச் சொல்லாதபோது, அதை அழிக்கும் கடமை அவருடையது. இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

சம்பந்தப்பட்டவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்தது. நல்லவேளை, வீடியோக்கள் பொய். ஆனால் யார் எந்த மாநிலத்துக்காரர், முகம் எப்படி இருக்கும், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதெல்லாம் கம்பெனிக் குரூப்புகளில் படமாகக் கிடக்கும் ஊரில், வெறுப்போடு ஒருவர் தேட ஆரம்பித்தால் சிரமமே படத் தேவையில்லை. இரவில் லைன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருவதற்கு அந்த அளவு வெறுப்புகூடத் தேவையில்லை.

2027 வரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. ஆதாரையும் பாஸ்புக்கையும் குரூப்பில் கேட்பதைக் காண்ட்ராக்டர்கள் இன்றைக்கே நிறுத்தலாம், ஏற்கெனவே போட்டவற்றை அவரவர் போனிலிருந்து அழிக்கச் சொல்லலாம். பவர்டேபிள் சங்கமும் விசைத்தறிச் சங்கங்களும் கூலி உயர்வுக்காகக் கூடும்போது இதையும் ஒரு தீர்மானமாகப் போடலாம். என்ன வாங்கினோம், எதற்காக, எப்போது அழிப்போம், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு தாள் போதும். ஒப்புதல் கேட்கும்போது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழ், இந்தி, ஒடியா, மைதிலி, சந்தாலி எல்லாம் அதில் இருக்கின்றன. போஜ்பூரி இல்லை. அதைப் பேசுபவர்களுக்குத் தாளை வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஒவ்வொரு யூனிட்டிலும் ஓர் ஆள் இருக்கிறார், அவரிடம் கொடுங்கள். தாளின் அடியில் காண்ட்ராக்டரின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். நின்றுவிட்ட செக்கிங் பெண்ணுக்கும் ஒரு தாள் போய்ச் சேரட்டும்.