கட்டியதற்கு உணவு, கட்டாததற்கு வழி

புரட்டாதி மாதம் மட்டக்களப்பு வாவிக்கு ஓர் இடைவேளை. கச்சான் காற்று ஓய்ந்து வருகிறது. வாடை இன்னும் பிறக்கவில்லை. சிறுபோக அறுவடை முடிந்து, வட்டைகளில் அறுத்த தாள் மட்டும் நிற்கிறது. வாவியின் நீர் வற்றிச் சேற்றுத் திடல்கள் வெளியே தெரிகின்றன. இந்த நாட்களில்தான் வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் தொடங்க, உள்ளான்களும் வாத்துகளும் கடல் கடந்து நமது சேற்றைத் தேடி வருகின்றன. இந்த நாட்களில்தான் மேற்கேயுள்ள காடுகளிலிருந்து யானைகள் அறுத்த வயலுக்கு இறங்குகின்றன. குசினி வாசலில் பூனை எப்போதும்போல் மீன் தலைக்குக் காத்திருக்கிறது.

வீட்டில் ஒன்று, வானத்தில் ஒன்று, காட்டில் ஒன்று. இவை மூன்றுக்கும் மனிதன் என்ன கடமைப்பட்டிருக்கிறான்?

இக்கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை ‘இரக்கம்’ என்பதாகும். நல்ல சொல்தான். ஆயினும் இரக்கம் அழகையும் அண்மையையும் பார்த்தே பெரும்பாலும் பிறக்கிறது. பூனைக்குட்டிக்குக் கிடைக்கும் இரக்கம் வாவியின் முதலைக்குக் கிடைப்பதில்லை. தொலைக்காட்சியில் கண்டு வியக்கும் யானையையே வேளாண்மைக்குள் நின்றால் சபிக்கிறோம். வயலில் நிற்பவனின் கோபத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு போகத்தின் கடனும் நகை ஈடும் பிள்ளைகளின் படிப்பும் ஓர் இரவில் மிதிபட்டுப் போவதைக் கண்டவன் அவன்.

பிராணிகளிடம் அன்பு காட்டுதல் பற்றி வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “யானைக்கும் இரக்கப்படணுமா சேர்? எங்கட வாப்பாக்கு அது இரங்கினதா?” அவனுடைய தந்தை வயல் காவலுக்குச் சென்ற இடத்தில் யானை அடித்து மௌத்தானவர். அந்தப் பிள்ளையிடம் போய் யானையை நேசி என்று சொல்ல எந்த ஆசிரியனுக்கும் நாவு எழாது. சொல்லவும் கூடாது. அவனுக்கும் பொருந்துகின்ற ஒரு விடை இல்லையென்றால், நமது பாடம் பாதுகாப்பான வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய பாடமாகிவிடும்.

அந்த விடையை, நாம் அனைவரும் சிறு வயதில் கேட்ட ஒரு நபிமொழியிலிருந்தே தேடலாம் என்பது எனது அபிப்பிராயம். பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்பது அச்செய்தி. ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள்படும் பெயரால் அறியப்பட்ட அபூஹுறைறா (ரலி) அவர்களும் இதனை அறிவித்திருக்கிறார்கள். இதை நாம் பெரும்பாலும் பூனையை நேசிக்கும்படி சொல்லும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவள் பூனையை நேசிக்கவில்லை என்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. குற்றத்துக்கு இரண்டு பகுதிகள் இருக்கின்றன: அவள் அதற்கு உணவளிக்கவில்லை, பூமியில் உள்ளதைத் தானே தேடித் தின்னுமாறு அதை விடவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் போதும், அவள் தப்பியிருப்பாள். கட்டினால் உணவு கொடு. கொடுக்க முடியாவிட்டால் வழி விடு.

இங்கே பேசப்படுவது உணர்ச்சி பற்றி அல்ல, ஹக்கு பற்றி. கடன் கொடுத்தவனைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கடன் இல்லாமற் போய்விடாது. அதுபோலவே, ஒரு பிராணியை நாம் விரும்பினாலும் வெறுத்தாலும் அதன் ஹக்கு நமது கழுத்தில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணியின் ஹக்கு உணவு; ஏனெனில் அது தானாகத் தேடும் வழியை அடைத்தவர்கள் நாம். காட்டு விலங்கின் ஹக்கு வழி; ஏனெனில் அது நம்மிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்ப்போம். ‘கட்டாக்காலி’ என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. கட்டாத மாட்டைக் குறித்த சொல் இன்று தெருநாய்க்கும் சேர்த்து வழங்குகிறது. தெருவில் திரியும் நாய்களில் பல ஒரு காலத்தில் வாடியில் காவலுக்கென்று வளர்க்கப்பட்டவை. அல்லது அவற்றின் குட்டிகள். போகம் முடிந்ததும் வாடியைக் கலைத்தவன் நாயை மறந்துவிட்டு வந்தான். கட்டை அவிழ்த்துவிட்டான் என்பதற்காக அவனது கடன் தீர்ந்துவிடுமா? நாய்க்குத் திரும்பிப் போக ஒரு காடு இருந்தால் தீரும். அதற்கோ நமது தெருவைத் தவிர வேறு காடு இல்லை.

யானையின் கதை இதற்கு நேர்மாறானது. நாய் கட்டவிழ்க்கப்பட்டுத் தெருவில் நிற்கிறது. யானை கயிறில்லாமல் கட்டப்பட்டு நிற்கிறது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனாநாயக்க சமுத்திரத்தையும் பல்லாயிரம் ஏக்கர் நெல்வயலையும் நமக்குத் தந்தது. அந்தச் சோற்றை உண்டு வளர்ந்த நாம் அதைப் பழிப்பது நன்றிகேடு. ஆனால் அந்த நிலத்தில் முன்பு யானைகள் நடந்தன என்பதும் உண்மை. யானை தாயின் பின்னால் நடந்து வழி கற்கும் பிராணி. அது நினைவில் வைத்திருக்கும் பாதையில் இன்று வயலும் வேலியும் வீதியும் ரயில் பாதையும் கிடக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் ரயில் மோதி ஆறு யானைகள் மடிந்தன. அது மட்டக்களப்புக்கு வரும் பாதை. நாம் கொழும்புக்குப் போய்வரும் பாதை.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 450 க்கும் அதிகமான யானைகள் இறந்தன. யானை தாக்கி இறந்த மனிதர்கள் 150 க்கும் அதிகம். இரு பக்கமும் ஜனாஸாக்கள்தான். இவ்வாறு இறக்கும் யானைகளில் பல ‘ஹக்கபட்டாஸ்’ கடித்துச் சாகின்றன. காட்டுப்பன்றிக்கென்று காய்கறிக்குள் ஒளித்து வைக்கும் வெடி அது. கடித்த யானையின் வாய் சிதறுகிறது, உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல், நாட்கணக்கில் நின்று பசியால் விழுகிறது. அந்தப் பெண்ணின் பூனை செத்ததும் இந்தப் பசியால்தான்.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் நடப்பது இன்னொரு விதம். நமது சந்தைகளிலும் கல்யாண வீடுகளிலும் மிஞ்சியது பொலித்தீனோடு அங்கே கொட்டப்படுகிறது. வாசனைக்கு வந்த யானைகள் பொலித்தீனோடு சேர்த்தே தின்கின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. வழியையும் அடைத்தோம், உணவு என்ற பெயரில் நஞ்சையும் வைத்தோம். நபிமொழியின் பெண் செய்யாத காரியம் இது.

அப்படியானால் விவசாயி வயலைத் திறந்து வைக்க வேண்டுமா? இல்லை. வயலுக்கும் ஹக்கு உண்டு. அந்த மாணவனின் தந்தைக்கும் உயிரோடு வீடு திரும்பும் ஹக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்துக் காக்கும் ஒரு முறை இந்நாட்டில் ஏற்கனவே செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. வடமேற்கே கல்கமுவ பகுதி விவசாயிகள், கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் காட்டிய வழியில், காட்டைச் சுற்றி மின்வேலி போடாமல் வயலைச் சுற்றிப் போட்டார்கள். விதைப்பில் வேலி நிற்கும். அறுவடை முடிந்ததும் கழற்றப்படும். பின்பு அறுத்த தாளை யானை மேயலாம். வேலியைப் பராமரிப்பது விவசாயிகளே. தமது வயல் என்பதால் அவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். 2020 டிசம்பரில் கையளிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இம்முறையையே வலியுறுத்தியது. பயிருக்கு வேலி, யானைக்கு வழி என்பதே இதன் சுருக்கம்.

வானத்திலிருந்து வருபவற்றின் ஹக்கு இன்னும் சிறியது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான் நம்மிடம் ஒரு நெல்மணியும் கேட்பதில்லை. கண்ணி இல்லாத சேறு போதும் அதற்கு. வாவிக்கரையைக் குப்பையாலும் கிரவலாலும் நிரப்பிக் காணியாக்கும்போது, நாம் ஊரின் ஓரத்தை மட்டும் மாற்றவில்லை. சைபீரியாவில் தொடங்கிய ஒரு பயணத்தின் கடைசித் தரிப்பிடத்தையும் மூடுகிறோம்.

அந்த மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: “நீ யானையை விரும்பத் தேவையில்லை மகன். உன்ட வாப்பாட ஹக்கும் யானைட ஹக்கும் ஒரே இடத்திலதான் பறிபோனது. வழிய அடைச்சி, வேலியப் போடாம விட்ட இடத்தில.” அவன் சமாதானமடைந்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது.

இன்னும் சில வாரங்களில் பெரும்போகத்துக்கான கூட்டங்கள் கூடும். நீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது, மாடுகளை எந்தத் திகதிக்குள் மேய்ச்சற்றரைக்கு அகற்றுவது என்றெல்லாம் அங்கே தீர்மானிப்பார்கள். மாட்டுக்கு ஒரு திகதியும் ஒரு தரையும் ஒதுக்கத் தெரிந்த சமூகம் நாம். அதே மேசையில் யானையின் வழிக்கும் வயலின் வேலிக்கும் ஒரு வரி எழுத முடியாதா? எழுதினால், வயல் காவலுக்குச் செல்லும் தந்தைமாரில் சிலரேனும் காலையில் வீடு திரும்புவார்கள்.