சுவரும் எழுத்தும்

குடவாசல் என்ற பெயரிலேயே ஒரு வாசல் இருக்கிறது. சங்கப் பாடல்கள் குடவாயில் என்று சொல்லும் இவ்வூரின் கோணேசுவரர் கோயில், யானை ஏற முடியாத மாடக்கோயில். யானையைத் தடுத்த படிகளுக்குக் கதை உண்டு. ஆளைத் தடுத்த மதிலுக்கு? இறைவன் எங்கும் நிறைந்தவன் என்னும் சமயம், அவனிடமிருந்து யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று எப்படி அளந்தது? அந்த அளவின் தடம் கல்வெட்டுகளில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, கோயில் பணிக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகச் சொல்லி, எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்றும் குறிக்கிறது. ஆளுக்கு 100 கலம் நெல். அதே கோயிலின் நிலக் கல்வெட்டுகளிலோ பறைச்சேரி, சுடுகாட்டோடும் வாய்க்காலோடும் சேர்த்து, வரியில்லாத இறையிலி நிலமாகக் கழிக்கப்படுகிறது. அங்கே வாழ்ந்தவர் பெயர் ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. வரிக்கணக்கில் பெயர் எதற்கு என்பார்கள். சரிதான், ஆனால் யாரைக் கணக்கில் ஆளாக எழுதுவது, யாரை நிலமாக எழுதுவது என்று முடிவு செய்ததும் கல்வெட்டை எழுதுவித்த கைதானே? பெண்களுக்காவது மதிப்பு கிடைத்ததே என்றால், அதுவும் அரைகுறைதான்: பெயரைப் பதித்தது அவர்கள் பணியைக் கோயிலுக்கு உரியதாக்கவே.

1939இலும் 1947இலும் கோயில் நுழைவுச் சட்டங்கள் வந்துவிட்டன, பழங்கதை எதற்கு என்பது அடுத்த வாதம். சட்டம் கதவைத் திறக்கும், தெருவை நகர்த்தாது. காவிரி டெல்டாவில் பல தலித் குடியிருப்புகள் இன்றும் ஊரை விட்டு விலகி, வயலுக்கு அப்பால்தான் இருக்கின்றன. அவற்றைச் சுட்டும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான்.