ஒரு கட்டம்

ஜாசினில் சனிக்கிழமை மாலைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். 'ஒரே நகர்வில் மேட்' புதிர்களை ஒன்பது வயசுப் பையன் ஒருவன் மளமளவென்று தீர்த்துவிடுவான். அதே தெம்பில் ஆட்டத்துக்கு வந்தான். அவனிடம் ராஜாவும் ராணியும். எதிரே மூலையில் ஒற்றை ராஜா. அந்த மூலையிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைத்தான். செக் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

"அங்கிள், அவன்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே!"

புதிரில் மேட் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் யார் சொல்வது? (சின்ன வயதில் மணிலாவில் இருந்த விஸ்வநாதன் ஆனந்த், டிவியில் வந்த புதிர்களுக்கு விடை அனுப்பியே நிறைய புத்தகங்களைப் பரிசாக வாங்கியவர். புதிரைக் குறை சொல்லவில்லை.) 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் என்றால் பையன் தோற்றே போயிருப்பான். அங்கே ஸ்டேல்மேட் ஆக்கியவருக்குத்தான் தோல்வி. எனக்கு அந்தப் பழைய விதி பிடிக்கும்.

"கடைசி நகர்வு வரைக்கும் அவனுக்கு ஒரு கட்டம் விட்டு வைப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. அது இரக்கம் இல்லையே, கணக்கு.

பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். விடிந்தால் பால் மரம் சீவ ஆள் வேண்டும், அதற்காக விட்டு வைத்த கட்டம். பாட்டி அதை நன்றியோடுதான் பேசுவார். விட்டவன் மனசு எதுவானால் என்ன, நின்றவருக்கு அந்த இடம் நிஜம் என்று வாதாடலாம். நிஜம்தான். ஆனாலும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையன் அதற்குள் காய்களை அடுக்கிவிட்டான். "இப்ப நான் ஒத்த ராஜா. நீங்க வாங்க."