அச்சத்தால் இடப்படும் ஓட்டு

பலர் போட்டியிடும் தேர்தலில், மற்ற ஒவ்வொருவரையும்விட ஓர் ஓட்டேனும் மிகுதியாகப் பெற்றவர் வென்றார் என்பது நம் நாட்டின் விதி. பாதிக்கு மேற்பட்டோர் அவரை விரும்பியிருக்க வேண்டுமென்பதில்லை. இவ்விதி நியாயமானதா என வினவுவோர் பெரும்பாலும் கணக்கையே ஆராய்கின்றனர். கணக்கோடு மனத்தையும் ஆராய்தல் நம் கடமை. செயலுக்கு வேர் எண்ணமே என்பது நம் கொள்கையன்றோ?

முதலில் கணக்கைக் காண்போம். 2021-இல் பாலக்காட்டுச் சட்டமன்றத் தொகுதியில் காங்கிரசு வேட்பாளர் ஷாஃபி பரம்பில் 54,079 ஓட்டுகளும், பாரதீய ஜனதா வேட்பாளர் ஈ. ஸ்ரீதரன் 50,220 ஓட்டுகளும், மார்க்சிஸ்டு வேட்பாளர் சி. பி. பிரமோத் 36,433 ஓட்டுகளும் பெற்றனர். வென்றவர் பெற்றது நூற்றுக்கு ஏறக்குறைய 38. எஞ்சியோர் வேறொருவரை வேண்டினர். விதிப்படி அவ்வெற்றி முற்றும் செல்லும். வென்றவர் மீது குறை யாதுமில்லை. ஆயினும் அவரை ‘மக்கள் தேர்ந்தெடுத்தவர்’ என்னும்போது, அம்மக்கள் எத்துணைப் பேர் என்னும் வினா எழவே செய்கிறது.

கேரள இராச்சியம் முழுமையிலும் இவ்வினா முன்னரே எழுந்ததுண்டு. 126 இடங்கள் கொண்ட சட்டசபைக்கு 1957-இல் நடந்த தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி நூற்றுக்கு 35 ஓட்டுகள் பெற்று 60 இடங்களை அடைந்தது. 1960-இல் அதன் ஓட்டு 39 ஆக உயர்ந்தது. இடங்களோ 29 ஆகக் குறைந்தன. ஆதரவு வளர, இடம் தேய்ந்தது எங்ஙனம்? முன்பு பிரிந்து நின்ற காங்கிரசும் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியும், முஸ்லிம் லீகோடு சேர்ந்து, 1960-இல் உடன்பாடு செய்து நின்றன. மக்கள் கருத்து மாறியதனினும், எதிரிகள் கூடினரா பிரிந்தனரா என்பதே முடிவைச் சமைத்தது.

இம்முறைக்கு நன்மையே இல்லையென்பது நடுநிலையாகாது. தேயிலைத் தோட்டத்தின் எழுத்தறியாத் தாயும் சின்னத்தைக் கண்டு தன் ஓட்டை இடலாம். எண்ணுவது எளிது. நம் குறையைக் கேட்கக் கடமைப்பட்டவர் இன்னார் என ஒருவரைச் சுட்டலாம். இவை சிறிய நன்மைகளல்ல.

ஆனால் கேடு மனத்தில் விளைகிறது. மூன்றாமிடத்தில் நிற்பவரே தக்கவரென ஒரு தொழிலாளி உணர்கிறான். அவருக்கு ஓட்டளித்தால், தான் அஞ்சும் ஒருவர் வென்றுவிடுவாரோ எனக் கலங்குகிறான். முடிவில், தான் விரும்பாத இன்னொருவருக்கு அளித்து மீள்கிறான். அங்கே பதிவானது அவன் கருத்தன்று; அவன் அச்சம். எண்ணுவோர் அதனை ஆதரவென எண்ணுகின்றனர். வென்றவரும் அங்ஙனமே கொள்கிறார்.

பிக்ஷு சங்கத்தில் வழக்குத் தீராதபோது சலாகை என்னும் குச்சிகளை வழங்கிக் கருத்தறிந்தனர். பாபாசாகேப் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், சங்கம் ஓட்டெடுப்பை அறிந்திருந்ததை எடுத்துக்காட்டினார். சலாகை வழங்குபவர் விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்கின் வழிச் செல்லாதவராதல் வேண்டுமென்பது விநயம். அதனினும் நுட்பமான விதியொன்று அங்குண்டு. முறையற்ற ஓட்டெடுப்பு பத்து வகை. தத்தம் கருத்தின்படி சலாகை எடுக்காமை அவற்றுள் ஒன்று. இவ்வளவுகோலால் அளந்தால், எண்ணிக்கை பிழையற்றதாயினும், அச்சத்தால் ஓட்டிடச் செய்யும் தேர்தல் குறையுடையதே.

சிதறி வாழும் சிறுபான்மையோர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. எவ்விடத்தும் அவர்கள் முதலிடம் பெறாமையால், எவ்விடத்தும் குரலற்றவராவர். 1957-இல் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. கம்யூனிஸ்டு ரோசம்மா புன்னூசும், தாழ்த்தப்பட்டோர்க்குரிய இடத்தில் காங்கிரசைச் சேர்ந்த என். கணபதியும் தேர்வாயினர். ஒரு மலைநாடு இரு குரல்களை அனுப்ப இயலும் என்பதற்கு அது சான்று. 1961-இல் இயற்றப்பட்ட சட்டம் இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது.

மாற்று வழி நமக்குப் புதிதன்று. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டளிப்போர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். இலங்கையின் சனாதிபதி தேர்தலிலும் இவ்வகை விதியுண்டு. 2024-இல் முதல் எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42 அளவே பெற்றமையால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக அடுத்த விருப்பங்களும் எண்ணப்பட்டன. இம்முறையில் மனம் விரும்பியவரை முதலிலும், பொறுக்கத்தக்கவரை அடுத்தும் குறிக்கலாம். அச்சம் பெரிதும் தணியும். ஆனால் ஒரே இடத்தை வரிசைப்படுத்தி நிரப்புவதால் மட்டும் சிறுபான்மையோர் குரல் பெறார். அதற்கு ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினரும், ஓட்டின் விகிதப்படி இடங்களும் வேண்டும்.

விதி திருந்தும் நாள்வரை செய்யத்தக்கது யாது? பெருங்கேட்டைத் தடுக்கவென ஆராய்ந்து, தெளிந்த மனத்தோடு இரண்டாமவர்க்கு ஓட்டிடுவோனை யாம் பழிக்கோம். அது பிறர் நலம் கருதிய செயலாகலாம். பிறர் மிரட்டலுக்கும் வதந்திக்கும் அஞ்சி இடுவதே இழிவு. வென்றவர்க்கும் ஓர் அறமுண்டு. நூற்றுக்கு 38 பேரால் பதவி பெற்றவர் நூறு பேருக்கும் ஊழியர். தம்மை வேண்டாத 62 பேரின் வாயிலிலும் அவர் சென்று நிற்றல் வேண்டும். எண்ணிக்கை ஒருவர்க்குப் பதவியைத் தரும். நியாயத்தை அவர்தாம் தேடிக்கொள்ளல் வேண்டும்.