சக்கரம் தொட்ட பிறகு...

கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடியே வந்த நான், கடைசி வளைவு தாண்டியதும் 'அப்பாடா!' என்றேன்.

டிரைவர் சிரித்தார். "இனிமேத்தான் சார் பயமே! மலையில எல்லாரும் உஷாரா ஓட்டுவாங்க. ரோடு நேராயிட்டா செல்போனை எடுத்துருவாங்க."

விமானம் ஓட்டுபவர்களுக்கும் இதே பாடம்தான். 2023 செப்டம்பர் 14-ம் தேதி, விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த சின்ன தனியார் ஜெட் ஒன்று, கொட்டும் மழையில் தரையிறங்கும்போது ஓடுதளத்தை விட்டு விலகி நொறுங்கியது. நல்லவேளை, உள்ளே இருந்த 8 பேரும் பிழைத்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒழுங்காகப் பறந்து வந்தது, கடைசி விநாடிகளில் திசை தவறிவிட்டது.

வாலில் குட்டிச் சக்கரம் வைத்த பழைய ரக விமானங்கள் இன்னும் மோசம். அவற்றின் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரையைத் தொட்ட பிறகு மூக்கு லேசாகத் திரும்பினால் போதும், பின்பாரம் தள்ளித் தள்ளி அந்தத் திருப்பத்தைப் பெரிதாக்கும். வேகம் குறையக் குறைய, காற்றை நம்பியிருக்கும் வால் சுக்கானும் பேச்சைக் கேட்காது. உடனே, கொஞ்சமாகத் திருத்த வேண்டும். தாமதித்தாலும் வம்பு, பதறிப்போய் அதிகமாகத் திருத்தினாலும் வம்பு. அதனால்தான், விமானம் நிற்கும் வரை பயணம் முடியவில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தான். அப்பா வீட்டை ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டோம். பத்திரம் பதிவாகி, வெளியே வந்து டீ குடிக்கும்போது, "என்ன இருந்தாலும் நல்ல பாகம் உனக்குத்தான்டா!" என்றேன். விளையாட்டுக்குத்தான். அவன் முகம் மாறியது. அப்போதே "சும்மா சொன்னேன்டா" என்றிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, சதுர அடிக் கணக்கோடு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். பி.காம். புத்தி! நாலு வருஷமாகப் பேச்சில்லை.

'முடிந்துவிட்டது' என்று நாமாக நினைத்துக்கொள்ளும் இடத்தில், நம் பொறுப்பும் முடிந்துவிடுமா?

இது வில்லுக்குப் பெயர்போன வல்வில் ஓரியின் மலை. விட்ட அம்பை அவனாலும் திருத்த முடியாது. ஆனால், உறவு அம்பு இல்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி.

அடிவாரத்தில் டீக்கடை பார்த்து டிரைவர் ஓரங்கட்டினார். வண்டி முழுசாக நின்ற பிறகு, செல்போனை எடுத்து தம்பி நம்பரைத் தேடினேன்.