நெருக்கமான வீடும் சின்னப் பிள்ளைகளும்



1960-களில் அம்பத்தூர் எஸ்டேட்டும் ஆவடி டேங்க் பேக்டரியும் வந்தபோது, வேலைக்கு வந்த ஜனங்கள் தங்க ஒண்டுக்குடித்தனங்களும் வந்தன. இன்றும் அத்திப்பட்டு முதல் பட்டாபிராம் வரை வீடு சந்திக்கப் போனால் நான் அதிகம் பார்ப்பது ஒரே ரூம் வீடுதான். அதிலேயே அடுப்பு, பீரோ, டிவி, மாமியார், கைப்பிள்ளை. 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் நம் தேசத்தில் நூற்றுக்கு சுமார் 37 குடும்பங்கள் ஒரே அறையில் குடியிருந்தன.

ஒரு சகோதரி நாலு வயசுப் பையனோடு ஜெபத்திற்கு வந்தார். "பாஸ்டர், இவனுக்குள்ள ஏதோ இருக்கு. கத்துறான், தங்கச்சியைக் கடிக்கிறான். அடிச்சாலும் அடங்க மாட்டேங்கிறான். கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபித்தேன். மறுநாள் வீட்டுக்கும் போனேன். பத்துக்குப் பத்து அறை. தகப்பன் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறார். பையன் ஓடினால் அப்பா எழுந்துவிடுவார்; வாசலுக்குப் போனால் வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார். நாள் முழுக்க அந்தப் பிள்ளை கேட்பது "சும்மா உட்காரு" என்பதைத்தான். தாய்க்கோ அழக்கூட ஒரு மூலை இல்லை. அவனுக்குள் பிசாசு இல்லை, பிரியமானவர்களே. கை கால் நீட்ட அவனுக்கு இடம் இல்லை!

பிசாசு உண்டு என்று பிரசங்கிக்கிறவன்தான் நான். அதற்காக எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிட்டு நாம் கைகழுவக் கூடாது.

வேதத்தைப் பாருங்கள். ஆதியாகமம் 13-ல் ஆடுமாடுகள் பெருகி, தேசம் ஆபிராமையும் லோத்தையும் சேர்த்துத் தாங்காமல் போனபோதுதான் மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தது. ஆபிராம் யாரையும் சபிக்கவில்லை; இடத்தைப் பிரித்துக்கொள்ள வழி சொன்னார். 2 இராஜாக்கள் 6-ல் தீர்க்கதரிசிகளின் புத்திரர், இருக்கிற இடம் போதவில்லை என்று எலிசாவிடம் வருகிறார்கள். "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று அவர் கடிந்துகொண்டாரா? இல்லையே! போகச் சொன்னார், கூப்பிட்டபோது தாமும் கூடப் போனார். கோடரி மிதந்த அற்புதத்தை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! இடம் பத்தாமல் வீடு கட்ட மரம் வெட்டப் போன இடத்தில் அது நடந்தது என்று எத்தனை பேர் கவனித்தோம்?

1998-ல் கேரி எவன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் நம் நாட்டு ஆய்வாளர்களும் புனேயில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நெருக்கடியான வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நடத்தையிலும் படிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோரோடு வரும் சண்டை சச்சரவுக்கு அதில் பெரிய பங்கு இருந்ததாம். சுவர் பிள்ளையை அடிப்பதில்லை. சுவர் அப்பா அம்மாவை நெருக்குகிறது, அவர்கள் பிள்ளையை அடிக்கிறார்கள். 2020 ஊரடங்கில் நாலு ரூம் வீட்டுக்காரருக்கே எரிச்சல் வந்ததே!

வீட்டைப் பெரிதாக்க நம்மால் முடியாது. இன்றைக்கு அட்வான்ஸ் என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தகப்பன்மாரே, தூங்கி எழுந்ததும் அரைமணி நேரம் பிள்ளையை வெளியே கூட்டிப்போக முடியும். அந்த நேரம் தாய்க்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். சொந்த வீடு கட்டி சாட்சி சொன்ன விசுவாசிகளே, உங்கள் வாசல் சாயங்காலம் சும்மாதானே கிடக்கிறது? பக்கத்துப் போர்ஷன் பிள்ளைகள் கொஞ்சம் விளையாடட்டுமே. ஆராதனையில் குழந்தை சத்தம் போட்டால் திரும்பித் திரும்பி முறைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுகிறேன்.

அடுத்த திங்கள் முதல் சபைக் கூடம் தினமும் மாலை 4 மணிமுதல் 6 மணிவரை திறந்திருக்கும். சேர்களை ஓரமாகப் போட்டுவிடுவோம், பிள்ளைகள் ஓடட்டும். இரண்டு வாலிப சகோதரிகள் பார்த்துக்கொள்வார்கள். தாய்மார்கள் ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஜெபித்தீர்களா என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.